சாரி கார்டோடு ஓடிய பந்தயம்

என் தாய்மாமா மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் என்று நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். அது உண்மையில்லை என்று தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. போன மாதம்கூட புனே பக்கத்துத் தளேகாவில் ஒரு நண்பரின் கிரகப்பிரவேசத்தில், ஏழாவது மாடி பால்கனியில் நின்று, கீழே கார்கள் நிறுத்தும் இடத்தைக் காட்டி, “இங்கதான் சார் ஸ்டேடியம் இருந்தது” என்று ஆரம்பித்துவிட்டேன். எனக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது என்பதை அங்கே நின்றவர்களிடம் சொல்லவில்லை.

ஸ்டேடியம் என்பதும் கொஞ்சம் மிகைதான். அந்த ஊர்த் தலைவரான பாட்டீல் தன் கரும்புக் கொல்லையைச் சமப்படுத்தி, நீள்வட்டமாக மண் பாதை போட்டு, சுற்றிலும் சோளத்தட்டைக் கட்டுகளை அடுக்கியிருந்தார். அதுதான் வேலி, அதுதான் கேலரி. பந்தயம் முடிந்தால் அவருடைய எருமைகளுக்கு அதுதான் தீவனம். இரண்டு மூன்று வருடம் பந்தயங்கள் நடந்தன. பிறகு கல்யாணப் பந்தல் போட்டார்கள், பிறகு செங்கல் அடுக்கினார்கள், கடைசியில் ஏழு மாடி எழும்பிவிட்டது. ஸ்டேடியத்தின் முழு வரலாறும் இவ்வளவுதான்.

நாங்கள் புனேயில் கோர்படி ரயில்வே காலனியில் இருந்தோம். மாமாவுக்குப் பந்தயத்தில் ஓட ஆசை இருந்தது, வண்டி இல்லை. அப்பாவிடம் வண்டி இருந்தது, ஆசை இல்லை. ஒரு வாரம் அம்மா சிபாரிசு செய்தபின் அப்பா இறங்கி வந்தார்.

“எட்த்துனு போ மச்சான். ஆனா ஒரு போல்ட்டு கழட்டக்கூடாது, ஒரு கீறல் வுழக்கூடாது. திங்கக்கெழம காத்தால எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு.”

மாமா வாக்குத் தவறாதவர். மற்றவர்கள் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எலும்புக்கூடு மாதிரியான வண்டிகளோடு நின்றார்கள். எங்கள் வண்டி கண்ணாடி, டிஃபன் பை மாட்டும் கொக்கி, அம்மாவின் சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்கப் போட்ட சாரி கார்டு சகிதம் வந்து நின்றது. கூட்டத்திலிருந்து ஒருவர் “வஹினி குட்டே?” என்று கத்தினார். அண்ணியை எங்கே விட்டுவிட்டு வந்தாய் என்று அர்த்தம். மாமா அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமாதான் ஜெயிப்பார் என்று காலனிப் பையன்களிடம் அளந்திருந்தேன். தோற்றால் வருடம் முழுக்கக் கிரிக்கெட்டில் பந்து பொறுக்குவது மட்டும்தான் என் வேலை என்று ஒப்பந்தம். அதைச் சரிபார்க்க நான்கு பேர் லோக்கல் ரயிலில் என்னோடு வந்து, தட்டைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆறு சுற்று. இரண்டாவது சுற்றிலேயே புழுதியில் எதுவும் தெரியவில்லை. சத்தத்தை வைத்துத்தான் வண்டிகள் எங்கே போகின்றன என்று ஊகித்தோம். கடைசியில் புழுதி கிழிந்தது. முதலில் வெளியே வந்தது எங்கள் சாரி கார்டு. மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, ஆபீசுக்குப் போவது போல நிதானமாக வந்தார். அவருக்கு இரண்டடி பின்னால் மற்றவர்கள் உறுமிக்கொண்டு வந்தார்கள். கொடி விழுந்தது. நானும் பையன்களும் தட்டைக் கட்டு சரியும்வரை குதித்தோம்.

கோப்பையைப் பின்னால் வந்த ஒரு பால்காரருக்குக் கொடுத்தார்கள். உள்ளூர்க்காரருக்குத்தானே கொடுப்பார்கள் என்று நான் கொதித்தேன். காலனியின் மராத்திப் பையன்கள் என்னைவிட அதிகமாகக் கொதித்தார்கள். மேடைக்கே போய் நியாயம் கேட்கலாம் என்றார்கள். மாமா எங்களைத் தடுத்தார்.

“வுட்றா. பாவம், பால்காரன். எட்த்துனு போட்டும்.”

இப்படிப்பட்ட மனிதர் எனக்கு மாமாவாக வாய்த்தாரே என்று கண்கலங்கினேன். வட்டப் பாதையில் ஒரு முழுச் சுற்று பின்தங்கியவன், முதலில் வருபவனுக்கு முன்னால்தான் தெரிவான் என்ற கணக்கு எனக்குப் பிடிபடப் பல வருடங்கள் ஆயின. பந்து பொறுக்கும் ஒப்பந்தம் அன்றே ரத்தானது.

வீட்டில் அப்பா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை. “பரவால்ல” என்றார். நான் அநீதி நடந்த கதையை அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அம்மா மாமாவின் சட்டையை வாளியில் முக்கினாள். தண்ணீர் செங்காவி நிறமாக மாறியது. மாமாவின் முகத்தில் கண்ணிரண்டும் பல்லும் தவிர மிச்சமெல்லாம் மண். அம்மா அதைக் காட்டி என்னிடம் கேட்டாள்:

“எல்லாருக்கும் முன்னால போனவன் மூஞ்சில இவ்ளோ மண்ண யார்ரா வாரி அடிச்சது?”