அண்ணன் வந்த கிறிஸ்மஸ்

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் என் அண்ணனைத் தற்செயலாகப் பார்த்தபோது எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அதுவரை பிறந்த வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கா எட்டிப் பார்த்ததில்லை. அண்ணன் என் மகனின் கன்னத்தைத் தொட்டு, "அப்படியே நம்ம அப்பா மூக்கு, அம்மணி" என்றார். பஸ் ஏறும்போது, "கிறிஸ்மஸுக்கு ஊட்டுக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

நான் பிறந்தது அன்னூர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ள வீட்டில். என் கணவரின் தாத்தா அது போன்ற தோட்டங்களில் கூலிக்கு இருந்தவர். இவர் படித்து பாலிடெக்னிக்கில் வாத்தியாரானதெல்லாம் என் அப்பாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. சாதி ஒன்றுதான் பேச்சு. அதனால் அண்ணன் வருவது மட்டும் எனக்குப் போதாது. வந்து, எங்கள் வீட்டில் கை நனைக்க வேண்டும். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் உறவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

கிறிஸ்மஸ் அன்று சர்ச்சிலிருந்து திரும்பியதும் வீடு சந்தைக்கடையாகிவிட்டது. கிணத்துக்கடவிலிருந்து நாத்தனார் குடும்பம், கொழுந்தனார் குடும்பம், எல்லார் பிள்ளைகளும். புதுத் துணியோடு குடிலைச் சுற்றி ஒரே அடிதடி. மண் ஆட்டுக்குட்டி ஒன்றுக்குக் கால் போயிற்று. பிரியாணியை நானேதான் தம் போட்டேன், வேறு யாரையும் கிட்டே விடவில்லை. அப்போதுதான் அலமாரியில் இரண்டு பாட்டில் கலர் சோடாவும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருப்பதைப் பார்த்தேன்.

"இது எதுக்குங்க அத்தை?" என்று மாமியாரைக் கேட்டேன்.

"உங்க அண்ணனுக்குத்தான் கண்ணு. நம்மூட்டுல அவங்க வேற என்னத்தத் தொடுவாங்க? மூடி திறக்காத கலருன்னா குடிப்பாங்க. வந்தவங்களச் சங்கடப்படுத்தக் கூடாதில்ல."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "எங்க அண்ணன் ஒண்ணும் அப்படிப்பட்டவரில்லைங்க" என்று வெடுக்கென்று சொன்னேன். அத்தை பழத்தைத் துடைத்துத் தட்டில் வைத்தார்.

மத்தியானம் அண்ணன் வந்தார். "வாங்க சாமி" என்றார் அத்தை. அண்ணனைவிட இருபது வயது மூத்தவர், பழைய பண்ணைக்கூலிப் பழக்கத்தில் அப்படிக் கூப்பிடுகிறார். எனக்கு உடம்பு கூசியது. இலை போட்டேன். அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இப்பத்தான் சாப்புட்டுப்போட்டு வந்தேன், அம்மணி."

"ஒரு வாய் மட்டுமாச்சும் சாப்பிடுங்கண்ணா. நானே செஞ்சதுங்க."

"வேண்டாங்கண்ணு."

அத்தை பாட்டிலை அவர் கண் முன்னாலேயே திறந்து கொடுத்தார். அண்ணன் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். பாவி மனுஷனுக்கு அவ்வளவு தாகம்.

என் மகனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? தன் தட்டிலிருந்து ஒரு பிடி பிரியாணியை அள்ளி, "மாமா, ஆ காட்டுங்க" என்று வாயருகே கொண்டுபோனான். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சோறு வேட்டியில் சிந்தியது. அவர் கண் கலங்கிவிட்டது.

"தண்ணி கூட குடிக்க மாட்டேன்னு அப்பாகிட்டச் சத்தியம் பண்ணிப்போட்டுத்தான் வந்தேன். இல்லாட்டி உட்டிருக்க மாட்டாரு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் கூடத்துக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னேன்: "அதுக்கு நீங்க வராமயே இருந்திருக்கலாமுங்க."

அண்ணன் எழுந்தார். வேட்டியை உதறிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

பந்தியில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. "மாமா ஏன் நம்ம வீட்டுல சாப்பிடலை?" என்று மகன் கேட்டான். "அவங்களுக்கு வயிறு சரியில்ல கண்ணு" என்றார் அத்தை.

அதுவரை அண்ணனிடம் 'வாங்க' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத என் கணவர் இலையிலிருந்து நிமிர்ந்தார். "சின்ன வயசுல எனக்கும் இதையேதானுங்கம்மா சொன்னீங்க. தோட்டத்துக்காரங்க எல்லாருக்கும் வயித்து வலின்னு ரொம்ப நாள் நம்பிட்டிருந்தேன். இவனுக்கும் அந்தப் பொய் வேண்டாங்க."

அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மகன் எல்லாரையும் விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். போனது என் அண்ணன். சொல்ல வேண்டியவளும் நான்தான்.