குள்ளர்கள் எழுந்து போகும் பாட்டு

அந்தக் கார்ட்டூன் படத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தை எத்தனை தடவை பார்த்தேனோ, கணக்கில்லை. தொடக்கம் இன்றுவரை தெரியாது. தியேட்டரில் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்குக் கதவு திறப்பதே படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான், வெளிப் படிக்கட்டில் உட்கார்ந்தபடி பார்ப்போம்.

பார்த்த அளவுக்குக் கதை இதுதான். அரண்மனைக்கு அடியில் குள்ளர்கள் இருட்டில் பொன் நூல் நூற்கிறார்கள். வேலை செய்ய மாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கொடுமைக்கார ராஜா செத்துப்போகிறான். புதிதாகப் பட்டத்துக்கு வந்த இளவரசி படியிறங்கி வந்து அவர்களைப் பார்த்து அழுகிறாள், ஒரு பாட்டும் பாடுகிறாள். அவ்வளவுதான். குள்ளர்கள் எழுந்து ஆடிக்கொண்டே அதே இருட்டுக்குள் போகிறார்கள். பிள்ளைகள் எல்லாம் கைதட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராஜா மாறினான், வேலை மாறவில்லையே, அதுகூடவா தெரியாது இந்த ஜென்மங்களுக்கு என்று குப்பைக்கூடையை நங்கென்று வைப்பேன்.

நானும் நூல் நூற்றவள்தான். மில்லை மூடியபோது கட்சிக்கு ஒருவராக வாசலுக்கு வந்து, திறந்துகாட்டுகிறோம் என்றார்கள். ஒருவர் அழவே அழுதார். கைதட்டினோம். மில் திறக்கவில்லை. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் எங்கள் வயதுக்கு வேலை இல்லை என்றார்கள். கடைசியில் துடைப்பம்தான் கிடைத்தது.

மில்லில் என்னோடு இருந்த கருவடிக்குப்பத்துக்காரி ஒருத்தி இங்கேயும் என்னோடுதான் இருந்தாள். புருஷன் இல்லை. மகளின் படிப்பு இந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. ஒரு நாள் காலைக் காட்சி தொடங்கியதும் அவள் காலியாகக் கிடந்த ஓரத்து சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் டார்ச் அடித்துப் பிடித்துவிட்டான்.

“இன்னாத்துக்கு அங்க போயி உக்காந்த?” என்றேன்.

“அதுங்க எப்டி அந்தக் குழிக்குள்ள வந்துச்சுங்கன்னு பாக்கலாம்னுதாங்க்கா,” என்றாள்.

மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை மேட்னி முடிந்ததும் யாரும் உள்ளே போகக்கூடாது, படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்தோம். யோசனை என்னுடையது. அடுத்த காட்சிக்கு முன்னால் பதினைந்து நிமிஷம்தான். குப்பையோடு ஜனத்தை உள்ளே விடமுடியாது, மேனேஜர் இறங்கி வந்து பேசித்தான் ஆகவேண்டும். அவளை மறுபடி சேர்த்தால்தான் துடைப்பத்தைத் தொடுவோம். பேச்சு முடிந்ததும் கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று அவளைக் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லியிருந்தேன்.

எங்களுக்குக் கடிகாரம் கிடையாது, அந்தக் கடைசிப் பாட்டுதான். இளவரசி பாட ஆரம்பித்தால் எழுந்து, துடைப்பத்தோடு கதவோரம் போய் நிற்கவேண்டும். முன்பு மில் சங்குக்கு எழுந்ததைப் போலத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் படியில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பாட்டு ஆரம்பித்தது.

நினைவு வந்தபோது மூன்றாவது வரிசையில் குனிந்து பாப்கார்னைக் கூட்டிக்கொண்டிருந்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. என் கால் தானாக எழுந்து வந்திருக்கிறது. நான் எழுந்ததைப் பார்த்து மற்ற மூன்று பேரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். அப்போதாவது திரும்பிப் போயிருக்கலாம். “சீக்கிரம்மா,” என்றான் சூப்பர்வைசர். குனிந்தவள் நிமிரவில்லை. பயந்து செய்திருந்தால்கூட என்னை மன்னித்துக்கொள்வேன்.

குப்பையைக் கொட்ட வெளியே போனேன். அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாக்கா சொன்னாரு மேனேஜரு?”

நிரம்பியிருந்த கூடையைப் பார்த்தாள். துடைப்பத்தைப் பார்த்தாள். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“சரிக்கா, உள்ள போ. கூட்டம் வருது,” என்றாள்.

போனேன்.