பஞ்சு எடுக்காத ஸேர்பூ

ஹோல்கர் சாண்டெலின் தன்னை விவாகரத்தானவர் என்று யாரிடமும் சொன்னதில்லை. அவர் 'ஸேர்பூ'. மனம் ஒன்று, முகவரி இரண்டு என்று வாழும் ஜோடிக்கு ஸ்வீடன்காரர்கள் வைத்திருக்கும் கௌரவமான சொல் அது. ஜோடியில் இருவருமே ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும் என்ற சில்லறை விவரத்தை அவர் பொருட்படுத்தவில்லை.

மனைவி மைவோர் முற்றத்தின் எதிர்க் கட்டடத்துக்குக் குடிபோய் ஆறு மாதம் ஆகப்போகிறது. விவாகரத்து மனுப் போட்டவள் அவள். யோசிக்க ஆறு மாதம் வேண்டுமென்று சட்டப்படி கேட்டு வாங்கியவர் அவர். இன்னும் சில வாரங்களில், ஒரு வெள்ளியோடு கெடு முடிகிறது. அதன்பின் அவள் மறுபடி கையெழுத்துப் போடாவிட்டால் மனு தானாகச் செத்துவிடும். அந்தக் கையெழுத்து விழக் கூடாது.

இரு கட்டடங்களுக்கும் சலவை அறை ஒன்றே. அவள் முறை செவ்வாய் பத்து மணி. முறை பிடிக்க அவரவர் பூட்டை மாட்டும் முன்பதிவுப் பலகையில், ஹோல்கர் தன் பூட்டை அவளுக்கு முந்தைய ஏழு மணிக் கட்டத்தில் மாட்டினார். துணியை உலர்த்திவிட்டு, இயந்திரத்தின் வடிகட்டியில் சேர்ந்த பஞ்சை எடுக்காமல் வந்தார். அந்த ஊரில் கொலைக்குக்கூட மன்னிப்பு உண்டு, இதற்குக் கிடையாது.

மாலையில் சலவை அறைக் கதவில் மைவோரின் சீட்டு: "ஹோல்கர்! முப்பத்தோரு வருஷமா கத்துறேன், பஞ்சை எடுய்யா!"

அதைப் பத்திரமாகக் குளிர்பெட்டியில் ஒட்டினார். அடுத்த செவ்வாயும் குற்றம், அடுத்த செவ்வாயும் சீட்டு. அழுக்குத் துணி தீர்ந்தபோது துவைத்த துண்டுகளையே துவைத்தார்.

"ஹோட்டல் ஏதும் நடத்துறியாப்பா?" என்றான் கீழ்வீட்டு ரூனே.

"ஸேர்பூ வாழ்க்கை அப்படித்தான்."

"மைவோர் அப்படிச் சொல்லலியே!"

"வாரா வாரம் எழுதுறாளே, அது போதாதா?"

கெடுவுக்கு முந்தைய செவ்வாய். கதவில் சீட்டு இருந்தது. அவள் கையெழுத்துதான்.

"மதிப்பிற்குரிய குடியிருப்பாளர் கவனத்திற்கு: பயன்படுத்தியபின் வடிகட்டியைச் சுத்தம் செய்யவும். நன்றி."

பெயர் இல்லை. ஆச்சரியக்குறி இல்லை. திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெறுமை. வடிகட்டியை இழுத்துப் பார்த்தார். அவளே சுத்தம் செய்துவிட்டுப் போயிருந்தாள்.

கூடையோடு வந்த ரூனே கண்ணடித்தான். "என்ன, காதல் கடிதம் வந்தாச்சா?"

"இது எல்லாருக்கும் எழுதினது."

"அப்படின்னா?"

"நாங்க பிரிஞ்சாச்சு, ரூனே."

ரூனே கூடையைக் கீழே வைத்தான்.

சீட்டை ஹோல்கர் கதவிலேயே விட்டார். பலகையிலிருந்து தன் பூட்டைக் கழற்றி, தனக்குப்பின் யாரும் வராத ஞாயிறு மாலைக் கட்டத்தில் மாட்டினார்.