அட்டை அண்ணாத்தேயும் தாட்சாயிணியின் கையும்

மேனாம்பேட்டில் நாங்கள் வேலை பார்க்கும் நர்சரி பள்ளியில் ஸ்வீட்லினைப் போலப் பயந்தாங்கொள்ளி யாரும் கிடையாது. நான் யூகேஜி, அவள் எல்கேஜி. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். காஸை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிப் போகிற ஆள். ஆனால் பிள்ளைகளிடம் அப்படி ஒரு பொறுமை.

அவள் கணவர் ஜெபா, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறார். அவர் கொண்டுவந்த அட்டைப் பெட்டிகளை வெட்டித்தான் அந்தப் பொம்மையைச் செய்தாள். நாலு வயதுப் பிள்ளையின் உயரம். மூட்டுக்கு மூட்டு பழைய சட்டைப் பட்டன் வைத்து நூலால் இறுக்கியிருந்தாள். பிள்ளைகள் அதற்கு அட்டை அண்ணாத்தே என்று பேர் வைத்தார்கள். அண்ணாத்தே முட்டி மடக்கினால் வகுப்பே மடக்கும். மூன்றே வாரத்தில் எது முழங்கை, எது மணிக்கட்டு என்று அத்தனை வாண்டுகளும் சொல்லின. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

பெற்றோர் வந்து பார்ப்பதற்கு முதல் நாள். அண்ணாத்தே கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கினார். தாட்சாயிணி மட்டும் பாதிதான் தூக்கினாள். நாளைக்கு எல்லார் முன்னாலும் மானம் போய்விடுமோ என்ற பயம் ஸ்வீட்லினுக்கு.

"பொம்மையே செய்யுது, உனக்கு வராதா?" என்று குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று மேலே இழுத்துவிட்டாள். அட்டைக்கு எப்படி இழுத்தாலும் வலிக்காது. குழந்தைக்கு அப்படியா?

அலறல் கேட்டு ஓடினேன். தாட்சாயிணியின் வலது கை துவண்டு தொங்கியது. யாரையும் தொட விடவில்லை. அவள் அம்மா நாகவல்லிக்குப் போன் செய்துவிட்டு ஆட்டோவில் ஏறினோம்.

"கை வெளங்காமப் போயிடுமாக்கா?" என்று ஸ்வீட்லின் திரும்பத் திரும்பக் கேட்டாள். கிளினிக் நெருங்கியதும், "விழுந்துட்டாள்னு சொல்லிடலாமா?" என்றாள். அவள் வேலை போய்விடும் என்று நினைத்து, "சொல்லு" என்றேன். புத்தி கெட்டவள் நான்.

"சறுக்குமரத்துலேருந்து விழுந்துட்டா சார்" என்றாள் டாக்டரிடம்.

"விழுந்திருந்தா எலும்பு உடைஞ்சிருக்கலாம். எக்ஸ்ரே பார்க்காம நான் கையை அசைக்க மாட்டேன். இங்க மிஷின் இல்ல, ஆவடிக்குத்தான் போகணும்" என்றார் அவர்.

குழந்தை அழுது அழுது விக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து நாகவல்லி கம்பெனி கோட்டோடு ஓடி வந்தாள். "இன்னா டீச்சர், கொயந்தைக்கு இன்னா ஆச்சு?"

நான் ஸ்வீட்லினின் விரலை அழுத்தினேன், வாயைத் திறக்காதே என்று. அவளுடைய கை ஜில்லென்று இருந்தது. என் பிடியை உதறிவிட்டாள்.

"விழல சார். நான்தான் கையைப் பிடிச்சு இழுத்தேன்."

எப்படி இழுத்தாள் என்று தன் கையிலேயே பிடித்துக் காட்டினாள். டாக்டர் அவளை முறைத்தார். "இதை மொதல்லயே சொல்லியிருக்கணும். நீங்க சொன்னதை நம்பி எக்ஸ்ரேக்கு ஆவடிக்கு அனுப்பியிருப்பேன்." குழந்தையின் தோளிலிருந்து விரல் வரை தடவிப் பார்த்தார். பிறகு முழங்கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி மடக்கினார். சின்னதாக ஒரு சத்தம். சின்னப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்தால் எலும்பு நழுவும், இனிமேல் யாரும் அப்படி இழுக்கக் கூடாது என்றார்.

பத்து நிமிடத்தில் தாட்சாயிணி அந்தக் கையாலேயே சாக்லேட் வாங்கிக்கொண்டாள். எனக்கு உயிர் வந்தது.

நாகவல்லி கத்தவில்லை. "உன்ன நம்பித்தானே வுட்டுட்டுப் போறேன். நீ பொய் சொல்லிகினே இருந்திருந்தா எம்புள்ள ஆவடி வரிக்கும் அயுதுகினே போயிருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு என்னையும் பார்த்தாள்.

சாக்லேட் தீர்ந்ததும் குழந்தை ஸ்வீட்லினிடம் வந்து, "தூக்கு மிஸ்" என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நேராக உயர்த்தினாள்.

ஸ்வீட்லின் சுவர் வரை பின்வாங்கினாள். "எனக்குப் பயமா இருக்குக்கா. நீங்க தூக்குங்க."

பொய்க்குத் துணை போன என் கையும் நீளவில்லை. தூக்கிய கைகளை இறக்காமல் தாட்சாயிணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.