ரெனிஷாவின் கம்ப்யூட்டருக்கு வந்த காய்ச்சல்

கருங்கல்லிலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகும் வழியில், பஸ்ஸிலிருந்து பார்த்தாலே கல்ஃப் பணத்தில் கட்டியது என்று சொல்லிவிடக்கூடிய ஒரு மாடி வீடு. ஸ்டீல் கேட், மாடி வரைக்கும் ஒட்டிய டைல்ஸ், கார் இல்லாத கார் ஷெட், வாசலில் ஒரு கேமரா. கட்டிய எபின் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். அவன் பெண்டாட்டி ரெனிஷா. கல்யாணத்துக்குப் பிறகு அவன் ஊரில் தங்கிய நாட்களை எல்லாம் ஒட்டுப்போட்டால் ஒரு மழைக்காலம் தேறும். மற்றபடி அந்த வீட்டில் அவளும், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் தங்கையனும், மாமியார் சத்தியபாயும்தான்.

கொடுமைக்காரர்கள் யாரும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எல்லாரும் மாமியார் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே வாசிப்பீர்கள். சத்தியபாய் மீன்கறி வைத்தால் நடுத்துண்டு மருமகளுக்குத்தான். தங்கையன் சந்தைக்குப் போனால் அவளுக்கென்று மட்டிப்பழம் வாங்காமல் திரும்பமாட்டார். ஆனால் கருங்கல் வரைக்கும் போய் ஒரு நூல்கண்டு வாங்கி வருகிறேன் என்று அவள் செருப்பை மாட்டினால், "நீ என்னத்துக்கு மக்கா வெயிலுல அலையணும், மாமா வாங்கிட்டு வருவாரு" என்று சொல்லிக் கழற்ற வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போய் அதே ஆட்டோவில் திரும்புவார்கள். சண்டை போடலாம் என்றால் பிடித்து இழுக்க ஒரு நுனிகூடக் கிடைக்காது. ரெனிஷாவுக்கு மூச்சு முட்டும்.

அவள் மார்த்தாண்டத்தில் பி.காம் படித்தவள். கணக்கு என்றால் உயிர். கல்லூரியில் படிக்கும்போது அப்பா வாங்கிக் கொடுத்த டெஸ்க்டாப் கம்ப்யூட்டர், பீரோவோடும் கட்டிலோடும் டெம்போவில் ஏறி இந்த வீட்டுக்கு வந்து மாடி அறையில் உட்கார்ந்திருந்தது. அதில்தான் இப்போது அவளுடைய உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். திருவனந்தபுரத்தில் ஒரு கணக்குக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள். கூடப் படித்த ஜின்சி அங்கேதான் வேலை பார்க்கிறாள். தினமும் குழித்துறையில் ரயில் ஏறிப் போய் வருகிறாள். முதலில் வீட்டிலிருந்தே ஒரு பரீட்சை எழுத வேண்டும். கம்ப்யூட்டரின் கேமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழக்கூடாது, அறைக்குள் இன்னொரு ஆள் வரக்கூடாது, வாய் திறந்து பேசக்கூடாது. பயந்து பயந்து எபினிடம் கேட்டாள். அவன் யோசிக்கக்கூட இல்லை, எழுதேன் என்றான். ஃபோனை வைத்துவிட்டுச் சந்தோஷத்தில் அழுதாள்.

பரீட்சையன்று பாதி எழுதும்போது திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. மவுஸை எப்படித் தேய்த்தாலும் அம்புக்குறி ஒரே கேள்வியில் ஆணி அடித்தாற்போல் நின்றது. கம்பெனிக்கு எழுதிக் கெஞ்சியதில் அடுத்த மாதம் இன்னொரு வாய்ப்பு தந்தார்கள். அதிலும் நின்றால் பிறகு கேட்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் தொடங்கியது. போட்டுக் கொஞ்ச நேரத்தில் பெட்டி கொதிக்கும், உள்ளே ஃபேன் ஓலமிடும், பிறகு நின்றுவிடும். சத்தியபாய் பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்து, நல்ல காய்ச்சல் அடிக்கிறது என்று ஈரத்துணி கொண்டுவரப் போனாள். ரெனிஷா ஓடிப்போய் மறித்தாள். எபின் ஷார்ஜாவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். பக்க மூடியைக் கழற்றித் தூசி எடு என்றான். பெயின்ட் பிரஷ்ஷை வைத்துச் சுரண்டினால் கம்பளி மாதிரி சுருள் சுருளாக வந்தது. புது ஃபேன் போடு என்றான், போட்டாள். சுவரிலிருந்து தள்ளி வை, டேபிள் ஃபேனைத் திருப்பி வை என்றான். மின்விசிறிக் காற்றைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டு அவள் வேர்த்து வழிந்தாள். அப்படியும் அது நின்றது.

ஒரு ஆறுதல் மட்டும் இருந்தது. கம்ப்யூட்டர் நின்று அவள் தலையில் கைவைத்து உட்காரும் நேரம் பார்த்து எபினின் அழைப்பு வரும். சாப்பிட்டியா, என்ன செய்யுத என்று கேட்பான். வேலை நேரத்தில் ஏணி மேல் நின்றுகொண்டுகூடக் கூப்பிடுவான். நான் மனசு பதறி வெப்ராளப்பட்டால் அவருக்கு அங்கே தெரிந்துவிடுகிறது என்று ஜின்சியிடம் பெருமை அடித்துக்கொண்டாள். ஜின்சி தன் புருஷன் பக்கத்து அறையில் இருந்தாலும் ஒன்றும் தெரியாது என்று சிரித்தாள்.

கடைசியில் தங்கையன் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கருங்கல்லில் ஷிபுவின் கடைக்குக் கொண்டு போனார். ரெனிஷாவைக் கூட்டிப் போகவில்லை, அதுதான் சொல்லவே வேண்டாமே. ஷிபு உள்ளே சூடு தணிக்கத் தடவியிருந்த பழைய பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிது தடவி, நாள் முழுக்கச் சினிமா ஓட விட்டுப் பார்த்தான். பெட்டி குளுகுளு என்று இருந்ததாம். வீட்டுக்கு வந்த அன்றே நின்றது. கரண்டில் கோளாறு என்றான் ஷிபு, ஸ்டெபிலைசர் வந்தது. மறுபடியும் நின்றது. மறுபடியும் கடைக்குப் போனது, அங்கே மறுபடியும் குதிரை மாதிரி ஓடியது. சவத்துக்கு நம்ம வீடுதான் பிடிக்கவில்லை போல என்றார் தங்கையன். ரெனிஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பரீட்சைக்கு முந்தின வாரம் அவளே ஷிபுவுக்கு ஃபோன் போட்டாள். கடையில் வராதது வீட்டில் மட்டும் வருகிறது என்றால் வீட்டில் மட்டும் ஓடுகிற ஏதோ ஒன்று உள்ளே இருக்க வேண்டும் என்று அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது. இன்ன பொத்தான்களைச் சேர்த்து அமுக்குங்கள், பட்டியலில் முதல் வரியில் என்ன பெயர் இருக்கிறது என்று வாசியுங்கள் என்றான். அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"அது கேமராவுக்க சாமானம்லா அக்கா. வீட்டுல உள்ள கேமரா எல்லாம் ராத்திரி பகலா இதுலதான் பதிஞ்சிட்டு இருக்கு. பின்ன மிஷின் வேகாம என்ன செய்யும்? அத அமத்தி நிறுத்தினா போதும்."

இவ்வளவுதானா என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. போன லீவில் வந்தபோது எபின் கேமராக்களை மாட்டிவிட்டு இரண்டு நாள் இந்தக் கம்ப்யூட்டரில் ஏதோ நோண்டினான்; மறந்திருப்பான். ஷிபு சொன்னபடி திரையின் மூலையில் இருந்த சின்னப் படத்தைத் தட்டினாள். நாலு கட்டங்கள் விரிந்தன. ஒன்றில் கேட். ஒன்றில் கிணற்றடி, சத்தியபாய் குனிந்து துணி அலசிக்கொண்டிருந்தாள். ஒன்றில் ஹால். நாலாவதில் ஒரு பெண்ணின் முதுகு. கொண்டையில் பேனா சொருகி, காதில் ஃபோனை வைத்துக்கொண்டு எதையோ பார்த்தபடி இருந்தாள். யார் இது என்று ரெனிஷா கழுத்தைச் சொறிந்தாள். அவளும் சொறிந்தாள்.

மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பீரோவுக்கு மேலே சுவரில் அந்த வெள்ளைச் சாதனம். வைஃபைக்கு ரேஞ்ச் கூட்டுவது, தொடாதே என்று எபின் சொல்லி வைத்தது. வாராவாரம் அவள் கையால்தான் அதற்குத் தூசி தட்டிவந்தாள்.

"என்னக்கா தெரியுது?" என்றான் ஷிபு.

"கேட்டும் கிணறும்" என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

முதலில் வெட்கம்தான் வந்தது. இந்த அறையில் அவள் உடுத்தியது, மாற்றியது, அழுதது, கண்ணாடி முன்னால் பாட்டுக்கு ஆடியது எல்லாம் நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. பிறகு அந்த அழைப்புகள் நினைவுக்கு வந்தன. அவள் வெப்ராளம் அவனுக்குத் தெரியவில்லை. ஷார்ஜாவில் அவன் ஃபோனில் ஓடிக்கொண்டிருந்த படம் நின்றதுதான் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. தூசி சொன்னான், ஃபேன் சொன்னான், காற்று சொன்னான், இதை ஒரு நிமிஷம் அமர்த்தி வை என்று மட்டும் சொல்லவில்லை. மறதி என்று நினைத்துக்கொள்ள அவள் எவ்வளவோ முயன்றாள். ஆனால் சூடு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் அவன்.

கேட்டுவிடலாம். கேட்டால் பரீட்சை அதோடு முடிந்தது. துணியைப் போட்டு மூடினால் அடுத்த நிமிஷம் ஃபோன் வரும். ஒயரைப் பிடுங்கினால் தங்கையன் மாடிக்கு அனுப்பப்படுவார். வேறு அறைக்குப் போகலாம் என்றால் என்ன காரணம் சொல்வது? ஆகவே அவள் அந்த வாரம் முழுக்க அதன் கீழேயே இருந்தாள். குளியலறையில் உடுப்பு மாற்றினாள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். தன் வீட்டில், தன் அறையில், எப்படி நடப்பது, எப்படி உட்காருவது என்று யோசித்து யோசித்துச் செய்தாள். அறையை விட்டு வெளியே வந்தால் ஹாலில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, கேட்டில் ஒன்று. எபின் கூப்பிட்டால் எப்போதும்போலப் பேசினாள். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் ஃபோனை மாமியாரிடம் கொடுத்து, யாரும் கூப்பிட வேண்டாம் மாமி என்று சொல்லிக் கதவைத் தாழ் போட்டாள். பரீட்சை தொடங்கும் முன் அந்த நாலு கட்டங்களையும் அமர்த்தினாள். பெட்டியின் ஓலம் அடங்கியது. கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிக்கொண்டு வந்தன. தேய்மானம், வங்கிக் கணக்கு ஒப்பீடு, எல்லாம் அவளுக்குப் பழகிய சங்கதிகள். பெட்டி மூச்சுக்கூட வாங்கவில்லை.

கீழே ஃபோன் அடித்தது. நின்று மறுபடி அடித்தது. மாடிப்படியில் சத்தியபாயின் காலடி கேட்டது.

"மக்கா, எபின் விளிக்கான். கேமரா ஓடலியாம். ஒரு நிமிஷம் கதவத் தெற."

திரையில் இருந்த கேமரா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதில் சொன்னால் போச்சு. எழுந்தால் போச்சு. கண்ணைத் திருப்பினாலே கேள்வி கேட்பார்கள். கதவு மறுபடி தட்டப்பட்டது. இந்த முறை தங்கையன். அவள் மயங்கி விழுந்துவிட்டாளோ என்ற பயம் அவர் குரலில் இருந்தது. பாவம், நிஜமான பயம். கண்ணில் நீர் முட்ட, இமைக்காமல் எழுதினாள். கடைசி விடையையும் போட்டு அனுப்பிவிட்டாள். நன்றி, உங்கள் விடைகள் வந்து சேர்ந்தன என்றது திரை.

உடனே எழவில்லை. அந்தச் சின்னப் படத்தைத் தட்டி நாலு கட்டங்களையும் தன் கையாலேயே உயிர்ப்பித்துவிட்டுத்தான் போய்க் கதவைத் திறந்தாள். மாமியாரிடமிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டு கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னாச்சு ஏட்டி?" என்றான் எபின்.

"ஹேங் ஆயிட்டு அத்தான். எவ்வளவு பாத்தும் அசையல்ல. இப்பதான் திரும்ப ஓடுது."

"அப்ப பரீட்சை?"

"போச்சு."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவனோடு வாழ்ந்தது பெரும்பாலும் ஃபோனில்தான் என்பதால் அவன் குரலின் ஏற்ற இறக்கம் அவளுக்கு அத்துப்படி. விசா புதுப்பித்துக் கிடைத்தபோதும், அவன் அம்மாவுக்கு வந்த கட்டி ஒன்றுமில்லை என்று நெய்யூர் ஆஸ்பத்திரியில் சொன்னபோதும் அவன் இப்படித்தான் மூச்சு விட்டான்.

"சாரமில்ல ஏட்டி" என்றான். "நான் இருக்கேன்லா. நீ வெசனப்படாத."

ரெனிஷா சரி என்றாள். ஜெயித்துவிட்டோம் என்று உள்ளே ஏதோ துள்ளியது. அதே இடத்தில்தான் வலிக்கவும் செய்தது. முகத்தை மட்டும் வருத்தமாகவே வைத்துக்கொண்டாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.