அடையில் உட்காராத கோழிகள்

ஒரு கோழிக்கு அடைகாக்கத் தெரியாமல் போகுமா? சிரிக்காதீர்கள். காலையில் நீங்கள் தின்ற முட்டையை இட்ட கோழிக்கு அநேகமாக அது தெரியாது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா? இலங்கையில், நாவுல ஊருக்கு அப்பால் காட்டோரத்தில் குடியிருந்த ஹமீமாவுக்கும் யாரும் சொல்லவில்லை.

அவள் கணவன் ஸப்ரி தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மூட்டை சுமந்தவன். லொறியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த நாள் முதல் பாயோடு பாயாகிவிட்டான். மகள் றுஸ்னாவுக்கு ஆறு வயது. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போக ஹமீமாவின் பாஸ்போர்ட் மாத்தளை ஏஜென்டின் மேசையில் தயாராகக் கிடந்தது. அந்த வருடம் ஊர்க்கோழிகளெல்லாம் கழிச்சல் நோயில் செத்துப்போனதால், ஓர் உதவித் திட்டத்தில் வீட்டுக்குப் பத்துக் கோழிகள் கொடுத்தார்கள். செம்பழுப்பு நிறம், நுனி வெட்டிய அலகு.

"இத வச்சுப் பெருக்கிக்கோங்க தங்கச்சி. ஒரு வருஷத்துல பண்ணையே போட்டுடலாம்" என்றார் கொண்டுவந்த அதிகாரி. கோழியோடு அவளை நிற்கவைத்துப் படமும் எடுத்துக்கொண்டார்.

ஹமீமா அன்றைக்கே ஏஜென்டுக்குப் போன் போட்டாள்; அண்ணன் முறையில் அவரை 'நானா' என்பாள். "மூணு மாசம் பொறுங்க நானா. குஞ்சு பொரிச்சிருச்சின்னா நான் போகத் தேவையில்ல."

கோழிகள் நாள் தவறாமல் முட்டையிட்டன. அதை விற்ற காசு கோழித் தீனுக்கே போனது. குஞ்சு வேண்டும், அதற்குச் சேவல் வேண்டும். கழிச்சலுக்குத் தப்பிய ஒரே சேவல் பக்கத்து வீட்டு பீபியிடம் இருந்தது.

"மாப்பிள்ளய அனுப்புறேன், சீதனம் கைக்கூலின்னு என்னடி தருவ?" என்று கேட்டாள் பீபி.

"பொண்ணு பத்து இருக்கே, அது போதாதா ஒங்க மாப்பிள்ளைக்கி?"

ஓலைக்கூடையில் வைக்கோல் பரப்பி, ஒன்பது முட்டை அடுக்கி, இடி முழக்கத்தில் கரு கலங்காமலிருக்க ஓர் இரும்பாணியும் வைத்தாள். கோழியைத் தூக்கி உட்காரவைத்தாள். அது எழுந்து தீன் தட்டுக்குப் போனது. மறுபடி வைத்து மேலே இன்னொரு கூடையால் மூடினாள். காலையில் திறந்தால் நின்றபடியே இருந்தது. காலடியில் புதிதாக ஒரு முட்டை.

அடுத்த கோழி, அதற்கடுத்த கோழி. பத்தும் அப்படியே. ஆணியை மாற்றினாள். ஓதின தண்ணீர் தெளித்தாள். இரும்பும் தண்ணீரும் என்ன செய்யும்? மூன்று வாரம் கழித்து ஒரு முட்டையை உடைத்தபோது எழுந்த நாற்றத்தில் ஸப்ரி உள்ளேயிருந்து இருமினான்.

இரண்டாவது மாதம் விறகு பொறுக்கப் போனவள், மரவேரின் இடுக்கில் ஒரு காட்டுக்கோழியைக் கண்டாள். அதன் வயிற்றடியில் இரண்டு புள்ளி முட்டைகள். பத்தடி தூரத்தில் மனுஷி நிற்கிறாள், அது அசையவில்லை. விறகை அங்கேயே போட்டுவிட்டு வந்தாள்.

"அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது பீபி?"

"ஒன்னோடது குஞ்சு பொரிக்கிற மெசின்ல பொறந்ததுடி. தாயக் கண்டிருந்தாத்தானே!"

மெசின் மேல் குற்றமில்லை. வீட்டுக்கோழிகளின் மூதாதை, இந்தியா முதல் தென்கிழக்காசியா வரையிலான காடுகளின் சிவப்புக் காட்டுக்கோழி. ஹமீமா கண்டது அதன் ஒன்றுவிட்ட உறவு. அந்த மூதாதை வருடத்துக்குச் சில முட்டைகளே இடும், இட்டதைக் காக்கும். அடையில் உட்காரும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். அது வியாபாரத்துக்கு நஷ்டம். ஆகவே உட்கார்ந்ததைக் கழித்து, உட்காராததை மட்டும் இனம்பெருக்கினார்கள், தலைமுறை தலைமுறையாக. இன்று வருடத்துக்கு முந்நூறு முட்டை. அவற்றின் மேல் உட்காரும் ஆசை மட்டும் இரத்தத்திலிருந்து போய்விட்டது. பண்ணைக்காரனுக்கு மெசின் இருக்கிறது. ஹமீமாவுக்கு என்ன இருந்தது? ஓர் ஓலைக்கூடை. இதைப் படித்துச் சம்பளம் வாங்கியவர்கள் அந்தக் கோழிகளைத் தந்து, 'பெருக்கிக்கொள்' என்றார்கள்.

ஏஜென்டிடம் கேட்ட மூன்று மாதத் தவணை முடிந்தது. நாவுல பஸ் தரிப்பிடத்தில் றுஸ்னா உம்மாவின் அபாயாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ வளத்த கோழியப் போலத்தான் அவளும். பெத்தத விட்டுட்டுப் போறா" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி, காதில் விழும்படியே.

ஹமீமா, வழியனுப்ப வந்திருந்த பீபியிடம் சொன்னாள்: "ராவைக்கி இவ தனியாப் படுக்க மாட்டா. பக்கத்துல இருங்க." பிறகு பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு மாத்தளை பஸ்ஸில் ஏறினாள்.

அடுத்த வருடம் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. பீபி அவற்றைக் கறிக்கு விற்றாள். அதிகாரி எடுத்த படம் மட்டும் ஏதோ ஓர் அறிக்கையில் சிரித்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் ஊருக்கும் ஒருநாள் கோழிக்கூண்டோடு வண்டி வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன், எல்லோர் முன்னிலையிலும் உரத்துக் கேளுங்கள்: "இது அடைகாக்குமா?" இல்லையென்றால், காக்கிற ஊர்க்கோழியையோ பொரிக்கிற மெசினையோ கொண்டுவரச் சொல்லுங்கள். வரும்வரை வண்டியைப் போகவிடாதீர்கள்.