தொப்பையில் விழுந்த உதை

என் வீட்டுக்காரருக்குக் கனத்த உடம்பு. விவசாயிகள் நெல் விற்கும் செஞ்சி கமிட்டிக்கு டிராக்டரில் மூட்டை கொண்டுவருவது அவர் பிழைப்பு. அறுப்புக் காலத்தில் அங்கே வரிசையில் யார் முந்துவது என்று தினமும் தகராறு. கைகலப்பு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"குண்டண்ணே, நடுவுல வந்து நில்லுண்ணே. உன்மேல அடி பட்டா இன்னா, மெத்தையில குத்துன மாதிரிதான!"

அவரும் சிரித்துக்கொண்டே போய் நிற்பார். சண்டையை விலக்கிவிடுவது ஆண்டவருக்குப் பிடித்த வேலை என்று எனக்குப் பெருமைகூட உண்டு.

போன தை மாதம் அப்படி நின்றபோது, ஒருவன் மற்றவனை உதைத்த உதை இவருடைய இடது விலாவுக்குக் கீழே விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். லேசான சிவப்புகூட இல்லை.

"வலிக்குதாங்க?"

"இன்னாமே வலி? இத்தினி கொழுப்ப தாண்டி எவன் காலு உள்ள வரும்?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சோறு போடும்போதெல்லாம் அந்தத் தொப்பையைத் திட்டுகிறவள், அன்று மாதா படத்தின் முன் நின்று அதற்காகவே நன்றி சொன்னேன்.

மறுநாள் இடது தோள்பட்டை வலிக்கிறது என்றார். மூட்டை தூக்கிய வலி என்று தைலம் தேய்த்துவிட்டேன். சாயந்திரம் முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டி, எழுந்தவர் அப்படியே சுவரில் சரிந்தார். ஆட்டோ பிடித்து ஓடினோம். மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. தோள்வலியும் அதனால்தானாம். ஆபரேஷன் செய்து மண்ணீரலை எடுத்துவிட்டார்கள்.

"கொழுப்பு மேலடியக் கொஞ்சம் தாங்கும்மா. ஓங்கி உதைச்சா உள்ள இருக்கறத அது காப்பாத்தாது" என்றார் டாக்டரம்மா. "வெளிய காயம் இல்லன்னு சும்மா இருந்துட்டீங்க."

பிழைத்துவிட்டார். ஆனால் உடம்பு பாதியாகிவிட்டது. மண்ணீரல் இல்லாததால் லேசாகக் காய்ச்சல் அடித்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். விஷயம் தெரியாதவர்கள், "சூப்பரா எளச்சிட்டியேண்ணே, இன்னா சாப்புடற?" என்று கேட்கிறார்கள்.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தோம். கோயில் வாசலில் பைக் நிறுத்தும் தகராறில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பழக்கத்தில் யாரோ, "அண்ணே, வாண்ணே!" என்று இவரைக் கூப்பிட்டார். இவரும் நகர்ந்தார். நான் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"விடுமே. அடிச்சிக்கிறானுங்க."

"அடிச்சிக்கட்டும்."

நற்கருணை வாங்கிய வாயால் நான்தான் அப்படிச் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். நடுவில் போக வேறு யாரும் வரவில்லை. ஒருவன் படிக்கட்டில் விழுந்து, வாய் கிழிந்து, ரத்தத்தோடு எழுந்தான்.

வீடு வரும்வரை அவர் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். அன்று விழுந்தவனுக்காக ஒரு ஜெபமாலை சொன்னேன். நான் அவர் கையை விட்டிருக்கலாம் என்று மட்டும் மாதாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.